10 கோடி டாலர் சம்பாதித்தவரின் மஞ்சள் கடுதாசி

கேள்வி: நாங்கள் சிகாகோ புறநகரில் இருக்கிறோம். இங்கேயே பிறந்த என் மகனுக்கு 16 வயது. ஆறடி இரண்டு அங்குலம். பள்ளி அணியில் பாஸ்கெட்பால் ஆடுகிறான். வேறு நினைப்பே இல்லை. போன வாரம் சாப்பிடும்போது அன்டுவான் வாக்கர் என்ற ஓய்வு பெற்ற ஆட்டக்காரரைப் பற்றிச் சொன்னான். இதே ஊர்க்காரராம். 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தும், ஆட்டம் முடிந்த இரண்டே வருடத்தில் திவாலாகிவிட்டாராம். "எல்லாம் சூதாட்டம்தான்" என்று என் கணவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு பணம் எப்படிப் போகும்? உண்மையில் அவர் கைக்கு எவ்வளவு வந்திருக்கும்? என் பையன் இந்த வழியில் போனால் நான் என்ன சொல்லித்தர வேண்டும்? இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் இல்லாதது: என் கணவர் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்ன ஸ்ட்ரிப் மால் (ஒரே வரிசையில் கடைகள் உள்ள வணிக வளாகம்) வாங்குகிறார். நிலையான சம்பளம் உள்ளவர் நால்வரில் இவர்தான். வங்கி என்னையும் ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறது. வரி விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

சம்பந்தம் இல்லாதது என்று கடைசியில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும்தான் உங்கள் கடிதத்தை மற்றவற்றுக்கு முன்னால் எடுத்தேன். வாக்கரின் கதைக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நேரடியான சம்பந்தம் இருக்கிறது. உங்கள் பையன் கேட்டதிலிருந்து தொடங்கி அங்கே வருகிறேன். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வாக்கர் 1976இல் பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். தாய் தனியாக வளர்த்த குடும்பம். சிகாகோவின் மவுண்ட் கார்மல் பள்ளியில் ஆடிவிட்டு கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1996இல் அந்த அணி தேசியக் கல்லூரிச் சாம்பியன் ஆனது. அதே வருடம், இரண்டே வருடப் படிப்போடு, என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக், புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில், ஆறாவது ஆளாக பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரை எடுத்தது. கோபி பிரையன்டும் ஆலன் ஐவர்சனும் வந்த அதே 1996 தேர்வுதான். வாக்கர் மூன்று முறை ஆல்-ஸ்டார், அதாவது லீகின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர். ஆறடி எட்டு அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு வளையத்துக்கு அடியில் நிற்காமல், வெளியே வந்து மூன்று புள்ளி எறிவார். 2000லிருந்து 2003 வரை மூன்று பருவங்களிலும் லீகிலேயே அதிகமாக மூன்று புள்ளி முயன்றவர் அவர்தான். பந்து விழுந்ததும் தோளைக் குலுக்கி ஆடும் அந்தச் சின்ன ஆட்டத்தை பாஸ்டன்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. 2006இல் மயாமி ஹீட் சாம்பியன் ஆனபோது டுவைன் வேட், ஷகீல் ஓ'நீலோடு அவரும் இருந்தார். அதாவது நல்ல ஆட்டக்காரர். எதிர்பாராமல் வந்து அதிர்ஷ்டத்தில் சம்பாதித்தவர் இல்லை. இதை உங்கள் வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள். "திவாலானவர்" என்ற ஒரு சொல்லில் ஒரு மனிதனின் பன்னிரண்டு வருட உழைப்பு மறைந்துபோகக் கூடாது.

இப்போது கணக்கு. சம்பளமாக மட்டும் அவர் பெற்றது சுமார் 10 கோடியே 80 லட்சம் டாலர். இது ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. செய்தியில் வருவது எப்போதும் இந்தத் தொகைதான். வங்கிக் கணக்கில் வருவது வேறு.

1999 ஜனவரியில் செல்டிக்ஸ் அவரோடு ஆறு வருடத்துக்கு 7 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அவர் காலத்து விகிதங்களை வைத்து, ஒரு வருடச் சம்பளம் 1 கோடி டாலர் என்று எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் மத்திய அரசின் உச்ச வருமான வரி 39.6 சதவீதம். இந்த அளவுச் சம்பளத்தில் ஏறக்குறைய எல்லாப் பணமும் அந்த உச்ச விகிதத்தில்தான் விழும். ஆக 39 லட்சம் அங்கேயே போய்விடும். மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான பிடித்தத்துக்கு உச்சவரம்பு இல்லை. அது ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மாசசூசெட்ஸ் மாநில வரி 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஏஜென்டுக்கு ஒப்பந்தக் கமிஷன் அதிகபட்சம் 4 சதவீதம். கூட்டிப் பார்த்தால் பாதி போய்விட்டது. 2003இல் மத்திய வரி 35 சதவீதமாக இறங்கியது கொஞ்சம் உதவியிருக்கும். ஆனால் அதற்கு முன்பே, 2001-02 பருவத்திலிருந்து, எஸ்க்ரோ என்ற ஒரு பிடித்தமும் சேர்ந்துவிட்டது. ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளம் லீகின் வருமானத்தில் பேசிவைத்த பங்கைத் தாண்டினால், பிடித்து வைத்த அந்தப் பணம் முதலாளிகள் பக்கம் போய்விடும்.

மாநில வரி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1991 இறுதிப் போட்டியில் சிகாகோ புல்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் லேக்கர்ஸைத் தோற்கடித்தது. கலிஃபோர்னியா சும்மா விடவில்லை. எங்கள் மண்ணில் ஆடிய நாட்களுக்கு வரி கட்டுங்கள் என்று புல்ஸ் ஆட்டக்காரர்களைக் கேட்டது. கோபம் வந்த இல்லினாய், நம் ஆட்டக்காரர்களிடம் வரி பிடிக்கிற மாநிலங்களின் ஆட்டக்காரர்கள் இங்கே ஆடினால் நாமும் பிடிப்போம் என்று சட்டமே போட்டது. அதற்கு "ஜோர்டானின் பழிவாங்கல்" என்று செல்லப் பெயர். அன்றிலிருந்து ஒரு மாநிலம் பார்த்து இன்னொரு மாநிலம் என்று பரவி, இன்று ஓர் ஆட்டக்காரர் பருவம் முழுக்க எந்தெந்த ஊரில் எத்தனை நாள் வேலையில் இருந்தார் என்று எண்ணி, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனித்தனியாக ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். டெக்சாஸ், ஃபுளோரிடா போல வருமான வரியே இல்லாத மாநிலங்களும் இருக்கின்றன. அதனால்தான் ஒரே தொகைக்கு இரண்டு அணிகள் அழைத்தால் மயாமிப் பணம் கனமாக இருக்கிறது.

சரி, வாக்கருக்கு வருவோம். பாதி என்று வைத்தால் அவர் கைக்கு வந்தது 5 கோடியே 40 லட்சம் டாலர் அளவு. பன்னிரண்டு பருவம், அதாவது 144 மாதத்தில் பிரித்தால் மாதம் மூன்றே முக்கால் லட்சம் டாலர். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த 144 மாதங்களுக்கு அப்புறம் வரும் சுமார் ஐம்பது வருடத்துக்கும் சேர்த்துத்தான் இந்தப் பணம். நானும் உங்கள் கணவரும் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தால் 65 வரை சம்பளம் வரும் என்று எண்ணி வாழ்கிறோம். வாக்கர் தன் கடைசி என்.பி.ஏ. ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு 31 வயது.

இப்போது எங்கே போனது என்று பார்ப்போம். அம்மாவுக்கு உள்ளேயே நீச்சல் குளமும் பாஸ்கெட்பால் மைதானமும் உள்ள ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். பென்ட்லி, மேபாக் என்று வரிசையாகக் கார்கள். சொந்தக்காரர், நண்பர் என்று எழுபது பேரைத் தாங்கினார் என்று செய்திகளில் வந்தது. தனியாக நின்று ஆறு பிள்ளைகளை வளர்த்த தாய்க்கு வீடு கட்டிய மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டியதோடு அது முடிவதில்லை என்பதுதான் கஷ்டம். இல்லினாயில் சொத்து வரி எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய வீடு வருடாவருடம் தின்னும். ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று தொடங்கிவிட்டால், சம்பளம் நின்றுவிட்டது என்று அவரிடம் சொல்வது லேசு இல்லை. சம்பளம் நிற்கிற தேதி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். செலவு நிற்கிற தேதி எங்கேயும் எழுதியிருக்காது.

சூதாட்டம் பற்றி உங்கள் கணவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2009 ஜூலையில் நெவாடாவில் லேக் டாஹோ அருகே ஒரு சூதாட்ட விடுதியில் வாக்கரைக் கைது செய்தார்கள். லாஸ் வேகஸ் விடுதிகளில் கொடுத்த செக்குகள் பணமில்லாமல் திரும்பியிருந்தன. பாக்கி 8,22,500 டாலர். 2011இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதை நான் சின்ன விஷயமாக்கவில்லை. ஆனால் 2010 மே மாதம் நீதிமன்றத்தில் அவர் கொடுத்த திவால் மனுவைப் பாருங்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மஞ்சள் கடுதாசி. சொத்து 43 லட்சம் டாலர். கடன் 1 கோடியே 27 லட்சம் டாலர். அவ்வளவு கடனுக்கு முன்னால் எட்டு லட்சம் ஒரு மூலையில்தான் நிற்கிறது. மீதி எப்படி வந்தது?

ரியல் எஸ்டேட். தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கி, சிகாகோவின் தெற்குப் பகுதியில் வீடுகளையும் வாடகைக் கட்டடங்களையும் வாங்கினார். தான் வளர்ந்த ஊர், தெரிந்த தெருக்கள், நோக்கமும் நல்லதுதான். வங்கிகள் கடன் கொடுத்தன. கடன் நிறுவனத்தின் பெயரில். ஆனால் அந்தக் கடன்களுக்கு வாக்கர் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். தினமும் போய்ப் பார்த்தது வேறு ஆட்கள். அவர் பாஸ்டனிலும் அட்லாண்டாவிலும் மயாமியிலும் ஆடிக்கொண்டிருந்தார். 2008இல் வீட்டு விலை சரிந்தது. வாடகை நின்றது, கட்டடம் விற்கவில்லை, வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டன. நிறுவனத்தில் பணம் இல்லை. கையெழுத்துப் போட்டவரிடம் இருந்தது. வாக்கரே பின்னால் பல பேட்டிகளில், தன்னைச் சாய்த்தது சூதாட்டத்தைவிட இந்தக் கட்டட வியாபாரமும் அந்த ஜாமீனும்தான் என்று சொல்லியிருக்கிறார். மனுவில் உள்ள எண்களைப் பார்க்கிற எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மகனிடம் "செலவாளி, சூதாடி" என்று சொல்லி முடிக்காதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். அப்படிச் சொன்னால், நான் சூதாட மாட்டேன், எனக்கு இது வராது என்று அவன் நினைத்துக்கொள்வான். குடிக்காத, சூதாடாத, சிக்கனமான மனிதர்களும் ஜாமீன் கையெழுத்தில் விழுந்திருக்கிறார்கள். என் அப்பா அப்படித்தான். ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஒரு உறவினரின் அரிசி மண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டார். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து மாதிரிதான்" என்று சொல்லி வாங்கிப் போனார்கள். மண்டி மூடியது. ஆறு வருடம் அப்பாவின் சம்பளத்தில் பிடித்தம் ஓடியது. ஒரு ரூபாய்கூட அவர் அந்தக் கடனில் தொட்டதில்லை. என் அக்காவின் கல்லூரிப் படிப்பு அதில் நின்றது. நான் கணக்குத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த ஆறு வருடமும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்கத்தில் ஒருவரைச் சொல்கிறேன். உங்கள் பையனுக்கு இவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஜூனியர் பிரிட்ஜ்மேன். பக்கத்து இந்தியானாவில் ஈஸ்ட் சிகாகோ என்ற ஊரில் பிறந்தவர். 1975இல் லேக்கர்ஸ் அவரைத் தேர்வில் எடுத்த கையோடு, நட்சத்திர ஆட்டக்காரர் கரீம் அப்துல்-ஜபாரை வாங்குவதற்காக மில்வாக்கி அணிக்குக் கைமாற்றியது. பன்னிரண்டு பருவம், வாக்கரைப் போலவே. பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடியவர். அவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளம் வருடத்துக்கு மூன்றரை லட்சம் டாலர். வாக்கர் வீட்டுக்குச் சராசரியாக ஒரு மாதம் வந்ததைவிடக் குறைவு.

ஆடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, பருவம் முடிந்த மாதங்களில் வெண்டீஸ் உணவகங்களில் போய் நின்று வேலை கற்றுக்கொண்டார். அடுப்படி, கல்லாப் பெட்டி, ஆள் சேர்ப்பது என்று எல்லாம். ஓய்வு பெற்ற காலத்தில் மில்வாக்கியில் ஐந்து கடைகளை எடுத்தார். நிதானமாகப் பெருகி, உச்சத்தில் 160க்கும் மேற்பட்ட வெண்டீஸ், 120க்கும் மேற்பட்ட சில்லீஸ் கடைகள் அவர் கையில் இருந்தன. 2016இல் உணவகங்களை விற்றுவிட்டு கோகோ-கோலாவைப் பாட்டிலில் அடைத்து விநியோகிக்கும் தொழிலுக்குப் போனார். 2020இல் திவாலாகிக் கிடந்த எபனி, ஜெட் பத்திரிகைகளை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2024இல், தான் ஆடிய மில்வாக்கி பக்ஸ் அணியிலேயே பத்து சதவீதப் பங்கு வாங்கினார். 2025 மார்ச்சில் லூயிவில் நகரில் காலமானபோது ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் கணக்கில் அவர் சொத்து 100 கோடி டாலருக்கு மேல்.

பிரிட்ஜ்மேன் கடனே வாங்கவில்லை என்று நினைக்காதீர்கள். கடன் வாங்காமல் இத்தனை கடை வைக்க முடியாது. இப்படிப்பட்ட கடைக் கடன்களில் உரிமையாளரின் சொந்தக் கையெழுத்தை வங்கிகள் கேட்பது சாதாரணம். வித்தியாசம் எங்கே என்றால், வெங்காயம் எவ்வளவு வீணாகிறது, மதியம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். மாதக் கணக்கில் ஓர் எண் தப்பாக இருந்தால் அவருக்கு உறுத்தியிருக்கும். வாக்கருக்குத் தன் கட்டடங்களில் என்ன நடக்கிறது என்பது அடுத்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது: பணத்தைக் கையில் படாமல் வைப்பது. ஐவர்சன் சம்பளமாக 15 கோடி டாலருக்கு மேல் வாங்கியவர். அவருக்கும் பிற்பாடு பணக் கஷ்டம் வந்தது. ஆனால் ரீபாக் நிறுவனத்தோடு 2001இல் போட்ட ஒப்பந்தத்தில் வருடம் எட்டு லட்சம் டாலர் வந்துகொண்டே இருக்கும் என்றும், 3 கோடியே 20 லட்சம் டாலர் ஒரு டிரஸ்டில் பூட்டப்பட்டு அவருக்கு 55 வயதாகும் 2030இல்தான் திறக்கும் என்றும் செய்திகள் சொல்கின்றன. கடன்காரனுக்கும் எட்டாது, தனக்கும் எட்டாது. என்னைக் கேட்டால், இளம் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களில் நான் முதலில் தேடுவது இப்படி ஒரு பூட்டு இருக்கிறதா என்பதைத்தான்.

லீகும் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. மூன்று வருடம் ஆடியவருக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. 2016இல் ஆட்டக்காரர் சங்கம், குறைந்தது மூன்று வருடம் ஆடிய பழைய ஆட்டக்காரர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்க ஏற்பாடு செய்தது. முதியவர்களைக் கைவிடாத வேலை அது, மனதார மெச்சுகிறேன். வாக்கரும் எழுந்துவிட்டார். சாம்பியன் மோதிரம் வரை இழந்தவர், 2013 வாக்கில் பழைய கடன்களிலிருந்து வெளியே வந்தார். மோர்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவோடு சேர்ந்து, கல்லூரி ஆட்டக்காரர்களிடமும் தொழில்முறை ஆட்டக்காரர்களிடமும் போய்த் தன் கதையை மறைக்காமல் சொல்லத் தொடங்கினார். கூட்டத்தின் முன்னால் நின்று "நான் இப்படி இழந்தேன்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். வாய்ப்புக் கிடைத்தால் பையனை அழைத்துப் போய்க் கேட்க வையுங்கள். நான் எழுதுவதைவிட அது பத்து மடங்கு ஏறும்.

பையனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லீகில் முப்பது அணிகள், அணிக்கு 15 முழு ஒப்பந்த இடங்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து 450. 2015இல் டல்லஸ் அணி 52ஆவது ஆளாக எடுத்த பஞ்சாபின் சத்னம் சிங்தான் என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். அவர்கூட என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. ஆசையைக் கலைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆடட்டும், நன்றாக ஆடட்டும். ஆனால் பணம் இப்போது முன்னாலேயே வந்துவிடுகிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரத் தொடங்கிவிட்டன. 18 வயதுப் பையனுக்கு ஷூ கம்பெனியிடமிருந்து 20,000 டாலர் வந்தால் அதில் யாரும் வரி பிடித்துத் தர மாட்டார்கள். சுயதொழில் வரி 15.3 சதவீதம் தனி, வருமான வரி தனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்ட வேண்டும். பிள்ளைகள் இதில்தான் முதலில் மாட்டுகிறார்கள். அதனால் இந்தக் கோடையில் அவன் ஏதாவது சின்ன வேலைக்குப் போகட்டும். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே உள்ள தொகைக்கும் கீழே உள்ள தொகைக்கும் நடுவில் என்னென்ன போனது என்று வரி வரியாக அவனையே உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கையெழுத்து.

நால்வர் சேர்ந்து ஒரு எல்.எல்.சி., அதாவது உரிமையாளர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட ஒரு நிறுவனம் தொடங்கி, அதன் பெயரில் ஸ்ட்ரிப் மால் வாங்குகிறீர்கள். எல்.எல்.சி. இருக்கிறதே, வீட்டுக்கு ஆபத்து வராது என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். வாடகைக்காரர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் அது ஓரளவு காப்பாற்றும், சரி. ஆனால் சொந்த ஜாமீன் எழுதிக்கொடுத்த அந்த நிமிடமே, கடனைப் பொறுத்தவரை அந்தச் சுவர் இல்லை. வாக்கருக்கும் நிறுவனம் இருந்தது.

ஜாமீன் பத்திரத்தில் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். நால்வர் என்றால் ஆளுக்குக் கால் பங்கு என்று நாம் நினைப்போம். அந்தச் சொற்றொடர் இருந்தால் அப்படி இல்லை. உதாரணமாக 18 லட்சம் டாலர் கடன், வியாபாரம் படுத்து மால் 12 லட்சத்துக்குத்தான் விற்றது என்றால், மீதி 6 லட்சத்தையும் நால்வரில் யாரிடம் பணம் இருக்கிறதோ அவர் ஒருவரிடமே வங்கி வாங்கிக்கொள்ளலாம். மற்ற மூவரிடமும் வசூலிப்பது அவர் பாடு. நிலையான சம்பளம் உங்கள் கணவருக்குத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வங்கி யார் கதவைத் தட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் பொறுப்பும் அவரவர் பங்கு அளவுக்கு மட்டும் என்று எழுதித்தரும்படி கேட்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்ளும் வங்கிகள் இருக்கின்றன. கேட்காதவருக்கு யாரும் தாமாகத் தர மாட்டார்கள்.

அடுத்தது கடனின் காலம். மாதத் தவணை இருபது, இருபத்தைந்து வருடக் கணக்கில் போட்டிருந்தாலும், பல வணிகக் கடன்களில் ஐந்து அல்லது பத்தாவது வருடத்தில் மீதி முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். வேறு கடன் வாங்கி அடைத்துக்கொள்ளலாம் என்பார்கள். 2008இல் பலர் மாட்டியது அங்கேதான். அடைக்க வேண்டிய வருடம் வந்தது, புதுக் கடன் கொடுக்க ஆள் இல்லை. உங்கள் கடனில் அந்த வருடம் எது? அப்போது பையன் கல்லூரியில் இருப்பானா?

நீங்கள் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? இது மிக முக்கியம். கடன் கேட்பவர் வங்கியின் சொந்த அளவுகோலின்படியே தனியாகத் தகுதி உள்ளவராக இருந்தால், அவர் மனைவி அல்லது கணவர் என்பதற்காக மட்டும் இன்னொருவரின் ஜாமீனை வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது என்று இங்கே மத்தியச் சட்டம் இருக்கிறது. நீங்களும் அந்த எல்.எல்.சி.யில் பங்குதாரராக இருந்தாலோ, உங்கள் பெயரும் உள்ள சொத்தை அடமானம் வைத்தாலோ நிலைமை வேறு. வெறும் மனைவி என்றால், "எந்தக் காரணத்துக்காக என் கையெழுத்துத் தேவை?" என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, நீங்கள் குடியிருக்கும் வீடு இருவர் பெயரிலும் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இல்லினாயில் கணவன் மனைவி இருவரும் பிரிக்க முடியாத ஒரே உரிமையாகக் குடியிருப்பு வீட்டை வைத்துக்கொள்ள ஒரு வகை உண்டு. அப்படிப் பதிந்திருந்தால், ஒருவர் மட்டும் பட்ட கடனுக்காக அந்த வீட்டை விற்கச் சொல்லிக் கடன்காரர் கேட்க முடியாது. இருவரும் ஜாமீன் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உங்கள் ஒரு கையெழுத்தில் வீடு உள்ளே வந்துவிடும் என்று அர்த்தம். கணவரின் 401-கே ஓய்வுக்காலச் சேமிப்பைப் பொதுவாகக் கடன்காரர் தொட முடியாது. அவசரத்தில் அதை உடைத்து இந்த மாலில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான் வரிக் கணக்கர். பத்திரத்தின் சட்டப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கென்று ஒரு ரியல் எஸ்டேட் வக்கீல் வேண்டும். நால்வருக்கும் சேர்த்து ஒரு வக்கீல் போதாது. நண்பர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிய உறவினரும் நல்லவர்தான், கடைசி வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். மால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடகைக்காரர்கள் யார், அவர்கள் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கூரை மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்று உங்கள் கணவரால் காகிதம் பார்க்காமல் சொல்ல முடிகிறதா என்று ஒரு மாலையில் கேட்டுப் பாருங்கள். சண்டையாக இல்லாமல், காபியோடு கேளுங்கள். பையனும் பக்கத்தில் இருக்கட்டும்.

வரி விஷயம் கேட்டிருந்தீர்கள். தேய்மானம், நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியுமா என்பதெல்லாம் உண்டு. அதை அடுத்த கடிதத்தில் விரிவாகப் பேசலாம். இந்த வாரம் கையெழுத்து என்று நாள் குறித்திருந்தால், இரண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வக்கீல் ஜாமீன் பத்திரத்தைப் படித்து முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரி ஆலோசகர்